பிடிக்கவில்லை என்பவர்களும் காணோம் என்பவர்களும்

படம் வரையவும் போஸ்டர் வடிவமைக்கவும் பயன்படுகிற ஒரு திறந்தமூல மென்பொருளின் (மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும், காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம்) இணையதளத்தைப் போன வருடம் அடியோடு மாற்றினார்கள். எந்த மென்பொருள் என்று சொல்லப் போவதில்லை. பிழைப்புக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் காசு வாங்காமல் உழைக்கிறவர்களைப் பெயர் சொல்லி இழுக்க எனக்கு மனசில்லை. ஆனால் அந்த மாற்றத்துக்கு எங்கள் ஊர்ப் பக்கம் என்ன எதிர்வினை வந்தது என்பதை எழுதி வைக்கத் தோன்றுகிறது. அந்த மென்பொருளை நடத்துகிற திட்டக்காரர்கள் உலகம் முழுக்க இருந்து ஆங்கிலத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டது வேறு ரகம். நிறம் சரியில்லை, எழுத்து பெரிசு, பாதித் திரை சும்மா கிடக்கிறது, கம்பெனி சைட் மாதிரி ஆகிவிட்டது. எங்கள் பக்கம் நிறத்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை, ஒரே ஒருவரைத் தவிர. அவரைப் பற்றி அப்புறம்.

எங்கள் பக்கம் என்றால் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுக்கா. வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம். கோபாலபுரம் வழியாகப் போனால் பொள்ளாச்சி. இங்கே நிறைய வீடுகளில் தமிழ்தான். ரேஷன் கார்டு மலையாளத்தில் இருக்கும். கல்யாணப் பத்திரிகை ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ரிப்பேர், டிடிபி, பழைய மெஷினுக்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுப்பது, இதெல்லாம் வேலை.

கேரளத்தில் இந்த மாதிரிக் கடைக்குத் திறந்தமூல மென்பொருள் என்பது கொள்கை, லட்சியம் என்று பேசுகிற விஷயமில்லை, தினசரிப் பிழைப்பு. 2001இல் ஐடி அட் ஸ்கூல் என்ற, பள்ளிகளில் கணினிக் கல்விக்கான அரசுத் திட்டம் தொடங்கியது. அதே வருடம், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரத்துக்கு வந்து, கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளையைத் தொடங்கிவைத்தார். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வி லினக்ஸுக்கு மாறியது. அந்தத் திட்டம் 2017இல் கைட் என்ற அரசு நிறுவனமாக ஆனது. உபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்துப் பள்ளிகளுக்கென்றே தனி லினக்ஸ் வெளியிடுகிறார்கள். தகவல் தொழில்நுட்பப் பாடப்புத்தகம் மலையாளம், ஆங்கிலம் தவிரத் தமிழிலும் கன்னடத்திலும் வருகிறது. அதனால் எங்கள் ஊர்த் தமிழ் மீடியம் பையன் ஹைஸ்கூலிலேயே ஜிம்ப், இங்க்ஸ்கேப் என்று படம் திருத்துகிற, வரைகிற மென்பொருள்களைப் பற்றிச் சரளமாகப் பேசுவான். செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அவனுடைய மாமா பையனுக்கு அந்தப் பெயர்கள் பெரும்பாலும் தெரியாது.

பள்ளி லேபில் எல்லாம் ஏற்கெனவே போட்டிருக்கும். வீட்டில்தான் சிக்கல். வீட்டில் இருப்பது கோயம்புத்தூரில் செகண்ட்ஹேண்டில் வாங்கிய விண்டோஸ் லேப்டாப், இல்லாவிட்டால் தமிழ்நாட்டுப் பக்கம் படித்த அக்காவுக்கு அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப். அதில் பள்ளியில் பார்த்த அதே மென்பொருள் வேண்டும். இணையதளம் தேவைப்படுவது அந்த இடத்தில்தான்.

முதலில் வந்த போன் ஒரு ஸ்டுடியோக்காரருடையது. கல்யாண ஆல்பம் போடுகிறவர், என்னைவிட வயதில் சின்னவர். "ஏனுங்ணா, அந்த சைட்டை ஆரோ ஹேக் பண்ணிப்போட்டாங்க போல. வேற என்னமோ வருதுங்க." நான் போய்ப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, புது வடிவத்தில். "இல்லீங்க, மாத்தியிருக்காங்க" என்றேன். அவர் நம்பவில்லை. "நீங்கதானுங்ணா சொன்னீங்க, மேல நீலப் பட்டை இருக்கும், இடது பக்கம் அந்தப் படம் இருக்கும், அது இல்லாத சைட்டுல எதையும் எடுக்காதீங்கன்னு?"

சொன்னேன்தான். இப்போதும் அப்படித்தான் சொல்லுவேன். ஆங்கில முகவரியை எழுத்து எழுத்தாகப் படித்து நிஜமா போலியா என்று பிரித்துப் பார்க்கிற பழக்கம் இல்லாதவர்களுக்கு, முகம்தான் அடையாளம். தேடுபொறியில் பெயரைத் தட்டினால் அசல் சைட்டோடு சேர்ந்து, பெரிய பச்சை டவுன்லோட் பட்டன் வைத்த ஏழெட்டு ஆள்மாறாட்ட சைட்டுகளும் வந்து நிற்கும். ஜிம்ப் திட்டமே இதில் அடிபட்டிருக்கிறது. சோர்ஸ்ஃபோர்ஜ் என்ற தளத்தில் அவர்களுடைய விண்டோஸ் பதிப்பு இருந்தது. அங்கே டவுன்லோட் பட்டன் மாதிரியே இருக்கும் விளம்பரங்கள் ஆளை ஏமாற்றுகின்றன என்று 2013இல் அதை விட்டு வெளியேறினார்கள். 2015இல் பார்த்தால், அவர்கள் விட்டுவிட்டு வந்த பக்கத்தை அந்தத் தளமே எடுத்துக்கொண்டு, நிறுவுகிற கோப்போடு வேண்டாத விளம்பரச் சாமான்களையும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. பெரிய ரகளை ஆன பிறகுதான் நிறுத்தினார்கள். இப்படிப்பட்ட உலகத்தில் ஒரு சைட்டின் பழகிய முகம் என்பது வெறும் அழகு விஷயமில்லை, பாதுகாப்பு விஷயம். அதை ஒரே ராத்திரியில் மாற்றினால், எச்சரிக்கையாக இருக்கப் பழகியவர்கள்தான் முதலில் விலகிப் போவார்கள். ஸ்டுடியோக்காரர் செய்ததும் அதுதான். ஒரு வாரத்துக்குமேல் எதையும் எடுக்காமல் பழைய பதிப்பிலேயே ஓட்டினார்.

வடிவமைக்கிறவர்களைக் கேட்டால், "முன்கூட்டியே அறிவித்திருந்தோமே" என்பார்கள். அறிவித்திருந்தார்கள்தான். அந்த அறிவிப்பு இருந்தது ஆங்கிலத்தில், அதே சைட்டில், வருடத்துக்கு ஒரு தடவை டவுன்லோட் செய்ய மட்டும் வருகிறவன் கண்ணில் படாத இடத்தில்.

அடுத்தது டவுன்லோட் பட்டன். பழைய பக்கத்தில் விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று மூன்று பத்திகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் 32 பிட், 64 பிட், கோப்பின் அளவு, கீழே பழைய பதிப்புகளுக்கு ஒரு லிங்க். பார்க்க ஒழுங்கில்லாமல்தான் இருக்கும், ஆனால் எல்லாம் கண்முன்னே இருந்தது. புதுப் பக்கத்தில் ஒரே ஒரு பெரிய பட்டன். வருகிறவர் எந்த சாதனத்தில் வருகிறார் என்று சைட்டே கண்டுபிடித்து, அதற்குப் பொருத்தமான கோப்பை நீட்டும். இப்போது எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். நல்ல ஏற்பாடு என்றுதான் முதலில் நானும் நினைத்தேன்.

வண்ணாமடைப் பக்கத்திலிருந்து ஒரு பத்தாம் வகுப்புப் பையன் போனோடு கடைக்கு வந்தான். வீட்டில் லேப்டாப் இருக்கிறது, நெட் இல்லை. நெட் இருப்பது அப்பாவின் போனில். போனில் கோப்பை இறக்கி, கேபிள் போட்டு லேப்டாப்புக்கு மாற்றுவதுதான் அவனுக்குத் தெரிந்த வழி. இந்த வட்டாரத்தில் பாதி வீட்டில் அதுதான் வழி. போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் பெரிய பட்டன் சாம்பல் நிறத்தில் அணைந்து கிடந்தது. அடியில் பொடி எழுத்தில், உங்கள் சாதனத்துக்கு இந்த மென்பொருள் கிடைக்காது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. வேறு சாதனத்துக்கான கோப்பு எங்கே என்று ஒரு வார்த்தை கிடையாது. "அண்ணா, இது இனிமே காசு கட்டுனாத்தான் வருமாண்ணா?" என்று கேட்டான். திறந்தமூல மென்பொருள் சைட் ஒன்றைப் பார்த்து ஒரு பள்ளிக்கூடப் பையன் கேட்ட கேள்வி அது. அதைவிடப் பெரிய விமர்சனம் எனக்குத் தெரியாது.

அந்தப் பொடி எழுத்தையும் சொல்ல வேண்டும். வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற அளவில் வேறுபாடு வேண்டும் என்று, பார்வை குறைந்தவர்களும் படிக்க முடிய வேண்டும் என்பதற்கான இணைய அணுகல் விதிகள் சொல்கின்றன. மானிட்டரில் உட்கார்ந்து பார்த்தால் இந்த விதி எதற்கு என்று தோன்றும். பாலக்காட்டு மார்ச் மாத வெயிலில், கண்ணாடி கீறிப்போன ஒரு போனை வெளியே நின்று பார்த்தால் தெரியும் எதற்கு என்று.

மூன்றாவது, எனக்கு ரொம்ப வேண்டிய ஒரு டீச்சர். தமிழ் மீடியத்தில் பாடம் எடுக்கிறவர், ரிட்டயர்மெண்ட் பக்கத்தில் இருக்கிறார். பாடப்புத்தகத்தில் உள்ளதற்கு மேல் பிள்ளைகள் தாங்களாகச் செய்து பார்க்கட்டும் என்று, அந்த சைட்டிலிருந்த செய்முறைப் பாடங்களின் முகவரிகளை எடுத்துத் தமிழில் இரண்டு வரி விளக்கம் சேர்த்து, பிரிண்ட் போட்டு, ஸ்டேபிள் அடித்து ஒவ்வொரு வருடமும் கொடுப்பார். லோகோ வரைவது எப்படி, எழுத்துக்கு நிழல் போடுவது எப்படி, போட்டோவில் பின்னணியை வெட்டுவது எப்படி. பிள்ளைகள் அந்த முகவரியைத் தாளைப் பார்த்துத் தட்டுவார்கள். ஒரு எழுத்து தப்பினால் மறுபடி முதலிலிருந்து.

"ஏன் தம்பி, நான் குடுத்த அட்ரஸ் ஒண்ணும் திறக்க மாட்டேங்குது. பிள்ளைக எல்லாம் நான்தான் தப்பா அடிச்சுக் குடுத்துட்டேன்னு சொல்லுதுக."

பள்ளிக்குப் போய்ப் பார்த்தேன். லேப் முழுக்க எல்லாத் திரையிலும் ஒரே பக்கம். நடுவில் பெரிதாக 404 (பக்கம் இல்லை என்பதற்கான எண்), பக்கத்தில் தலையைச் சொறிகிற ஒரு கார்ட்டூன் நாய்க்குட்டி, அடியில் ஆங்கிலத்தில் ஒரு ஜோக். ஜோக் நன்றாகத்தான் இருந்தது. அதை எழுதியவர் யார் அதைப் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்து எழுதினாரோ தெரியவில்லை. பிள்ளைகளுக்கு நாய்க்குட்டி பிடித்திருந்தது. டீச்சருக்கு முகம் வாடியிருந்தது.

முகவரிகளை மாற்றக்கூடாது என்பது புதிதாகக் கண்டுபிடித்த ஞானம் இல்லை. வெப் எனப்படும் உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998லேயே இதை வலியுறுத்தி எழுதிவிட்டார். பக்கத்தை எங்கே வேண்டுமானாலும் நகர்த்து, பழைய முகவரிக்கு வருகிறவனைப் புது இடத்துக்கு அனுப்பிவை, அவ்வளவுதான். சர்வரில் ஒரு முகவரிக்கு ஒரு வரி எழுதினால் போதும். ஆனால் அந்த ஒரு வரியை எழுத, பழைய பக்கங்களின் பட்டியல் வேண்டும், எது எங்கே போனது என்று யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். புது முகப்பு வரைகிற வேலைக்கு ஆள் வருவார்கள். இதற்கு வரமாட்டார்கள். இது சலிப்பு பிடித்த வேலை, முடிந்த பிறகு யார் கண்ணுக்கும் தெரியாது.

நான்காவதாக வந்ததுதான் என்னை எழுதவே தூண்டியது. பழைய சைட்டின் அடியில் மொழிகளின் பெயர்கள் அந்தந்த எழுத்தில் வரிசையாக இருக்கும். அதில் தமிழும் உண்டு, மலையாளமும் உண்டு. புது சைட்டில் அந்த வரிசையை எடுத்துவிட்டார்கள். பிரவுசரில் என்ன மொழி வைத்திருக்கிறதோ அதைப் பார்த்து சைட்டே முடிவு செய்துகொள்ளும். இங்கே பாதிப் பேரின் போன் பாலக்காட்டிலோ சித்தூரிலோ வாங்கியது. கடைக்காரர் மலையாளத்தில் செட் செய்து கொடுத்திருப்பார், வாங்கினவர் அதை மாற்றவே மாட்டார், அதிலேயே பழகிவிடுவார். அவர்களுக்கு இப்போது சைட் மலையாளத்தில் வரும். தமிழ்ப் பக்கம் ஒன்று இருக்கிறது என்பதற்கே அடையாளம் இல்லை. பேசினால் மலையாளம் புரியும், ஆனால் படித்தது தமிழ் மீடியம் என்கிற பிள்ளைகளுக்கு அது எவ்வளவு தூரம் என்று எல்லைப்புறத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

விக்கிப்பீடியாவில் இது ஏற்கெனவே நடந்த கதை. 2010இல் வெக்டர் என்ற புதுத் தோற்றத்தைக் கொண்டுவந்தபோது, இடது பக்கம் நீளமாகத் தொங்கிக்கொண்டிருந்த மொழிப் பட்டியலை மடித்து மறைத்துவிட்டார்கள். கணக்குப் பார்த்துத்தான் செய்தார்கள். அதை அழுத்துகிறவர்கள் நூற்றுக்கு ஒருவர் தேறுவதே கஷ்டம் என்று அவர்களுடைய எண்கள் சொல்லின. பல மொழி விக்கிப்பீடியர்கள் சண்டைக்கு வந்தார்கள். அந்தப் பட்டியலை அழுத்தாவிட்டாலும், இந்தக் கட்டுரை என் மொழியிலும் இருக்கிறது என்று அது சொல்லிக்கொண்டே இருக்கிறது, அதை மறைக்காதே என்பது அவர்கள் வாதம். பட்டியல் திரும்பி வந்தது. பிறகு வந்த வெக்டர் 2022 தோற்றத்தில் (ஆங்கில விக்கிப்பீடியாவுக்கு இது 2023 ஜனவரியில் வந்தது) மொழிகள் மேலே ஒரு பட்டனுக்குள் போய்விட்டன. அழுத்தினால் தமிழ் இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியா 2003இலிருந்து இருக்கிறது என்பது தெரிந்தவன் அழுத்துவான்.

டெபியன் என்ற லினக்ஸ் வகையின் சைட் இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த முன்னுதாரணம். அவர்களும் பிரவுசரின் மொழியைப் பார்த்துத்தான் பக்கத்தைக் கொடுக்கிறார்கள். ஆனால் அடியில் அந்தப் பக்கம் கிடைக்கிற மொழிகளின் பட்டியலையும் போட்டு, உன் பிரவுசரில் மொழியை எப்படி மாற்றுவது என்று ஒரு விளக்கப் பக்கத்துக்கும் லிங்க் கொடுத்திருக்கிறார்கள். 2020 டிசம்பரில் முகப்பை மாற்றி, டவுன்லோட் பட்டனைக் கண்ணில் படுகிற மாதிரி மேலே கொண்டுவந்தபோதும் இதைத் தூக்கி எறியவில்லை.

தமிழ்ப் பக்கத்தைக் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்தால், அங்கே வேறு கூத்து. புது வடிவமைப்புக்கென்று தேர்ந்தெடுத்த எழுத்துருவில் தமிழ் எழுத்தே கிடையாது. அதனால் மெஷினில் இருக்கிற ஏதோ ஒரு தமிழ் எழுத்துரு வந்து உட்கார்ந்தது. அது பரவாயில்லை. தலைப்புகளில் ஸ்டைலுக்காக எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் அது அழகாக இருந்தது. தமிழில் கொம்பு ஒரு பக்கம், ககரம் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று ஒவ்வொன்றும் விலகி நின்றது. வரிகளுக்கு நடுவே இடம் போதாமல், மேல்வரி உகரத்தின் வால் கீழ்வரிப் புள்ளியில் இடித்தது. டவுன்லோட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்துச் செய்த பட்டனில் 'பதிவிறக்கம் செய்க' அடங்கவில்லை. 'பதிவிறக்கம்' வரைக்கும் தெரிந்தது, அதுவும் கடைசி மெய்யின் புள்ளி வெட்டுப்பட்டு. ஒரு தமிழ்ப் பக்கத்தையாவது திறந்து பார்த்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். திறந்து பார்க்கத் தமிழ் தெரிய வேண்டியதுகூட இல்லை, கண் இருந்தால் போதும்.

இப்போது அந்த ஒருவர். பேனர் கடை வைத்திருக்கிறார், எனக்கு அண்ணன் முறை. கோயில் திருவிழா நோட்டீஸிலிருந்து கட்சி பேனர் வரைக்கும் இருபது வருஷமாகப் போடுகிறார், இந்த மென்பொருளில் அவருக்குத் தெரியாத மூலை இல்லை. அவர் திட்டியதெல்லாம் தோற்றத்தைத்தான். "என்னடா இது, சோப்பு விளம்பரமாட்ட இருக்குது. பழசுல ஒரு கம்பீரம் இருந்துது." முகப்பில் பயனர்கள் வரைந்த படங்கள் மாறி மாறி வரும், அதை எடுத்துவிட்டு வட்டமும் முக்கோணமுமாக ஏதோ போட்டிருந்தார்கள் என்று அவருக்கு ஆத்திரம். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் அவர் வேலை ஒரு நாளும் நிற்கவில்லை. புதுப் பதிப்பு எங்கே, மாறுதல் குறிப்பு எங்கே என்று அவரே தேடி எடுத்துக்கொண்டார். ஓணம் தாண்டியதும் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்.

வெளியே நடந்த பெரிய சண்டைகளிலும் பிடிக்கவில்லை என்பவர்கள், காணோம் என்பவர்கள் என்ற இந்த இரண்டு ரகமும் கலந்துதான் கிடக்கின்றன. வெக்டர் 2022 வந்தபோது, வரியின் அகலத்தைக் குறுக்கி இரண்டு பக்கமும் வெள்ளையாக விட்டுவிட்டார்கள் என்றுதான் ஆங்கில விக்கிப்பீடியாவில் பெரிய கூச்சல். பழையபடி மாற்று என்று பலர் கேட்டார்கள். தோற்றம் மாறவில்லை, அகலத்தை விரிக்க ஒரு பட்டன் இருந்தது, காலப்போக்கில் கூச்சலும் தணிந்தது. ரஸ்ட் நிரலாக்க மொழியின் சைட்டை 2018 டிசம்பரில் மாற்றியபோது, மஞ்சளும் ஊதாவுமாக இருக்கிறது என்று சிரித்தவர்கள் ஒரு பக்கம். முகப்பில் இருந்த மாதிரி நிரலைக் காணோமே, ஒரு மொழி எப்படி இருக்கும் என்று அதன் முகப்பிலேயே பார்க்க முடியாதா என்று கேட்டவர்கள் இன்னொரு பக்கம். மொழிபெயர்ப்புகளும் முதலில் இல்லை, பின்னால்தான் வந்தன. ஆனால் ஒரு புண்ணியம் செய்தார்கள், பழைய சைட்டை வேறொரு முகவரியில் அப்படியே விட்டுவைத்தார்கள்.

இரண்டு ரகத்தையும் ஒரே மூட்டையில் கட்டி, மாற்றம் என்றாலே மக்களுக்குப் பிடிக்காது, நாள் போனால் பழகிவிடும் என்று சொல்வது வடிவமைப்பாளர்களின் வழக்கம். பேனர் கடை அண்ணன் விஷயத்தில் அது நூற்றுக்கு நூறு சரி. வண்ணாமடைப் பையன் விஷயத்தில் துளியும் சரியில்லை. அணைந்து கிடக்கிற பட்டனுக்கு யாரும் பழகமாட்டார்கள், போய்விடுவார்கள். போனவர்கள் திட்டுவதில்லை, அதனால் கூச்சல் அடங்கினது இரண்டு காரணத்தாலும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

இன்னொன்று. மென்பொருளே பிடிக்காமல் போனால் திறந்தமூல உலகத்தில் ஒரு வழி உண்டு. 2011இல் க்னோம் 3 (லினக்ஸில் திரையின் மேசைத் தோற்றத்தைத் தருகிற மென்பொருள்) வந்தபோது, பழைய மேசைத் தோற்றம்தான் வேண்டும் என்றவர்கள் க்னோம் 2ஐ எடுத்து மாட்டே என்று தனியாக நடத்தினார்கள். இன்றும் நடக்கிறது. வலைப்பதிவு, இணையதளம் நடத்த உதவுகிற வேர்ட்பிரஸ் மென்பொருள் 2018இல் எழுதுபலகையை (எடிட்டரை) மாற்றியபோது பழையதைத் தக்கவைக்க ஒரு சொருகி (பிளகின்) கொடுத்தார்கள், லட்சக்கணக்கானவர்கள் போட்டுக்கொண்டார்கள். இணையதளத்துக்கு இந்த வழி கிடையாது. மூலநிரல் எல்லாம் திறந்துதான் கிடக்கும், நகலெடுத்து நானே பழைய சைட்டை எங்கேயாவது வைக்கலாம். யார் வருவார்கள்? வந்தாலும் நான் ஏற்கெனவே சொன்ன ஆள்மாறாட்ட சைட்டுகளில் ஒன்றாகத்தான் அது இருக்கும். முகவரி ஒன்றுதான், அது யார் கையில் இருக்கிறதோ அவர்கள் வைத்ததுதான் சட்டம். அதனால்தான் இதில் கோபம் கூடுதல் என்று நினைக்கிறேன்.

திட்டக்காரர்களுக்கும் நியாயம் இருக்கிறது. பழைய சைட் போனில் பார்க்கவே முடியாது, மூன்று பத்தியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். அதைப் பராமரிக்கத் தெரிந்தவர் போய்ப் பல வருடம் ஆகிவிட்டதாம், ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தக்கூட ஆள் இல்லை. புதியதை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். மாற்றியிருக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. முகப்பிலிருந்து பழைய செய்திப் பத்தியை எடுத்ததும் நல்லதுதான், பாதிச் செய்தி நாலைந்து வருடம் பழையது.

நான் அவர்களுக்கு எழுதினேன். திட்டி எழுதவில்லை. பையன், டீச்சர், மொழி வரிசை, பட்டன் என்று நடந்ததை நடந்தபடி, ஸ்கிரீன்ஷாட்டுகளோடு. ஐரோப்பாவிலிருந்து ஒருவர் பதில் போட்டார், மரியாதையான மனிதர். எத்தனை பயனர்களுக்கு இந்தச் சிக்கல் இருக்கும் என்று கேட்டார். நியாயமான கேள்வி, என்னிடம் எண் கிடையாது. அதற்குப் பதிலாக பென்டிரைவ் கதையைச் சொன்னேன். டீச்சர் ஒரு தடவை டவுன்லோட் செய்வார். அது பென்டிரைவில் ஏறி வகுப்புக்குப் போகும், பிள்ளைகள் வீட்டுக்குப் போகும், அங்கிருந்து செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சிக்கும் போகும். உங்கள் கணக்கில் அது ஒரு டவுன்லோட், பாலக்காடு மாவட்டத்தில் ஒரு ஆள். அந்த ஒரு ஆளுக்கு பட்டன் அணைந்தால் பின்னால் இருக்கிற அத்தனை பேருக்கும் அணைந்தது, அது உங்கள் எண்ணில் வரவே வராது என்றேன்.

பட்டனுக்கு அடியில் மற்ற சாதனங்களுக்கு என்று ஒரு லிங்க் வந்தது. மொழி வரிசை சைட்டின் அடிக்குத் திரும்பியது. தமிழ்ப் பக்கங்களுக்கு மட்டும் எழுத்து இடைவெளியை எடுத்துவிட்டு, வரி உயரத்தைக் கூட்டினார்கள், பட்டன் அகலமாகியது. வெளிர் சாம்பல் அப்படியே இருக்கிறது. அது அவர்களுடைய அடையாள நிறத் தொகுப்பில் இருக்கிறதாம்.

பழைய முகவரிகளுக்கு அவர்கள் சொன்னது, பட்டியல் கொடுத்தால் போட்டுவிடுகிறோம் என்று. டீச்சரின் ஸ்டேபிள் அடித்த தாள்கள்தான் பட்டியல். அவர் பழைய முகவரியைப் படிக்க, நான் புது சைட்டில் தேட, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் தட்டி அனுப்பினோம். பெரும்பாலானவை இப்போது போய்ச் சேருகின்றன. சில பாடங்களை மட்டும் எங்கேயும் காணோம். கேட்டால், பழைய பதிப்புக்கு எழுதியவை, புதுப்பிக்க ஆளில்லை, நீக்கிவிட்டோம் என்றார்கள். அதில் டீச்சருக்கு ரொம்பப் பிடித்த லோகோ பாடமும் ஒன்று. யாரும் நகலெடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்ற உரிமத்தில்தான் அது இருந்தது. இணைய ஆவணக் காப்பகத்தில் ஒரு பிரதி கிடைத்தது. டீச்சர் அதை முழுக்கத் தமிழில் எழுதிக் கொடுத்தார், நான் பிடிஎஃப் ஆக்கினேன். இப்போது பென்டிரைவில் மென்பொருளோடு அதுவும் போகிறது. படங்களில் தெரிகிற மெனு மட்டும் பழைய பதிப்பினுடையது, பிள்ளைகள் அங்கே வந்து நின்றுவிடுகிறார்கள். புதுப் பதிப்பில் படம் எடுத்துத் தர வண்ணாமடைப் பையனிடம் சொல்லியிருக்கிறேன். பரீட்சை முடியட்டும் என்றிருக்கிறான்.